தேனிலவுக்கு எரிமலைக்கா போவாங்க?

நியூசிலாந்தின் ஒயிட் ஐலண்டு விபத்தைப் பத்தி எங்கே பேச்செடுத்தாலும் நம்ம ஆளுங்க கேக்குற முதல் கேள்வி இதுதான். "கல்யாணம் ஆன கையோட போறதுக்கு ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் இல்லையா? கொதிக்கிற மலை மேலயா போய் நிப்பாங்க? எல்லாம் காசுக் கொழுப்பு!"

இதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது மக்களே. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

தெரியாதவங்களுக்கு முன்கதைச் சுருக்கம். ஒயிட் ஐலண்டுக்கு மாவோரி மக்கள் வெச்ச பேரு ஃபாகாரி. நியூசிலாந்து வடக்குத் தீவின் கரையிலிருந்து சுமார் 48 கி.மீ. தள்ளிக் கடலுக்குள்ள இருக்கு. தீவுல எரிமலை இருக்குன்னு சொல்றதே தப்பு, அந்தத் தீவே எரிமலைதான். கடலுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிறது அதோட தலை மட்டும். உள்ளே போனா மஞ்சள் மஞ்சளா கந்தகம், புஸ்ஸுனு கிளம்புற ஆவி, நடுவுல ஒரு அமில ஏரி. பார்க்க வேற கிரகம் மாதிரி இருக்கும்.

2019 டிசம்பர் 9, மதியம் 2.11. தீவுல அப்போ 47 பேர். எரிமலை வெடிச்சுது. 22 பேர் செத்துட்டாங்க. அதுல 2 பேரோட உடல் கிடைக்கவே இல்லை. பொழைச்ச 25 பேருக்கும் காயம், பல பேருக்கு மோசமான தீக்காயம். அந்த 25 பேர்ல, அமெரிக்காவிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு தம்பதியும் உண்டு. கல்யாணமாகி சில வாரம்தான் ஆகியிருந்துது.

இப்போ கேள்விக்கு வருவோம். இவங்க வேலி தாண்டிக் குதிச்சுப் போனாங்களா? யாரும் பார்க்காத நேரத்துல திருட்டுத்தனமா ஏறினாங்களா? அந்த 47 பேர்ல 38 பேர் ஒரே சொகுசுக் கப்பலில் வந்தவங்க. காசு கட்டி, படகுல ஏறி, ஹெல்மெட் மாட்டி, கையில மூக்குக் கவசத்தோட வழிகாட்டி பின்னாடி வரிசையா நடந்தவங்க. ஒரு நாடு, ஒரு கம்பெனி, ஒரு வழிகாட்டி இத்தனை பேரும் சேர்ந்து "வாங்க"ன்னு கூப்பிட்டா, சாதாரண மனுசன் என்ன நினைப்பான்? "ஆபத்துன்னா விடுவாங்களா?"ன்னுதானே நினைப்பான். நீங்களும் நானும் அப்படித்தான் நினைப்போம்.

சரி, ஆபத்துன்னு யாருக்குமே தெரியாதா? அங்கேதான் இருக்கு மேட்டரு.

நியூசிலாந்துல எரிமலை எச்சரிக்கைக்கு 0 முதல் 5 வரை அளவு வெச்சிருக்காங்க. வெடிப்புக்கு மூணு வாரம் முன்னாடி, நவம்பர் 18-ஆம் தேதி, ஃபாகாரியோட அளவை 1-லிருந்து 2-க்கு ஏத்தினாங்க. 5-க்கு 2 தானே, பாதி கூட இல்லையேன்னு தோணும். ஆனா அந்த அளவுல 3-னா என்ன தெரியுமா? சின்ன வெடிப்பு நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். 4-னா நடுத்தர வெடிப்பு, 5-னா பெரிய வெடிப்பு. அதாவது வெடிக்கிறதுக்கு முன்னாடி காட்டக்கூடிய உச்சபட்ச எண்ணே 2 தான். அதுக்கு மேல எண் ஏறுதுன்னா நீங்க ஏற்கனவே சாம்பலுக்குள்ள நிக்கிறீங்க!

பொட்டி தட்டுறவன் பாஷையில சொல்றேன். சர்வர் செத்ததுக்கு அப்புறம்தான் சிவப்பு விளக்கு எரியும், அதுக்கு முன்னாடி எவ்வளவு மோசமானாலும் மஞ்சள்தான்னு ஒரு சிஸ்டம் எழுதி வெச்சா நம்ம டேமேஜர் சும்மா விடுவாரா? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பார். எரிமலை ஆய்வாளர்களுக்கு அந்த 2-க்கு அர்த்தம் தெரியும். தேனிலவுக்கு வந்த தங்கமணிக்கும் ரங்கமணிக்கும் எப்படித் தெரியும்?

அடுத்த வாதம் ஒண்ணு வரும். "இயற்கையை யாரால கணிக்க முடியும்? விஞ்ஞானிகளுக்கே தெரியலையே!" அட, அதைத்தானே முதல்ல சொல்லியிருக்கணும்! அன்னிக்கு நடந்தது எரிகுழம்பு பொங்கி வழியற வெடிப்பு இல்லை, நீராவி வெடிப்பு. குக்கர் மாதிரி நினைச்சுக்குங்க. பூமிக்கடியில இருக்கிற தண்ணி 100 டிகிரிக்கு மேல சூடானாலும் அழுத்தத்துல தண்ணியாவே அடங்கிக் கிடக்கும். மூடி கொஞ்சம் விட்டுச்சுன்னா ஒரே நொடியில ஆவியாகும். தண்ணி ஆவியானா ஆயிரம் மடங்குக்கு மேல இடம் கேக்கும். பாறை, சாம்பல், அமிலம் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுக் கிளம்பும். இதுக்கு எரிகுழம்பு மேல வர வேண்டிய அவசியமே இல்லை. அதனால முன்கூட்டியே சத்தம் காட்டாமலும் வெடிக்கும். "எப்போ வெடிக்கும்னு சொல்ல முடியாது, வெடிச்சா ஓட நேரமிருக்காது." இந்த ஒரு வரியை டிக்கெட் மேல கொட்டை எழுத்துல அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

முன்னுதாரணம் இல்லைன்னும் சொல்ல முடியாது. 1914-ல அதே தீவுல கந்தகம் வெட்டப் போன தொழிலாளிகள் அத்தனை பேரும் பள்ளத்தின் சுவர் சரிஞ்சு செத்தாங்க. 2016 ஏப்ரலில் ராத்திரி நேரத்துல ஒரு வெடிப்பு. ராத்திரிங்கிறதால ஆளில்லை, ஆளில்லாததால சாவில்லை. அதிர்ஷ்டத்தைப் பாதுகாப்புன்னு கணக்கெழுதிட்டாங்க, வேறென்ன?

ஆபத்தே கூடாதுன்னு நான் சொல்லவரலை. எரிமலைத் தீவைப் பார்க்கணும்னு ஆசைப்படறது கொழுப்பும் இல்லை, பாவமும் இல்லை. பூமி எப்படி உண்டாச்சுன்னு ஜோடியா நின்னு பார்க்கிறதை விடப் பெரிய தேனிலவு என்ன இருக்கு? ஆனா தெரிஞ்சு எடுக்கிற ஆபத்து வேற, மறைச்சு விக்கிற ஆபத்து வேற. முதலாவது சாகசம், ரெண்டாவது ஏமாத்து.

ஒழுங்கா செய்ய முடியாதான்னா, முடியும். ஹவாய்த் தீவில் 2018-ல கிலாவேயா எரிமலை ஆட ஆரம்பிச்சதும் தேசியப் பூங்காவின் பெரும்பகுதியை மே மாசம் மூடினாங்க, செப்டம்பர்லதான் திறந்தாங்க. ஹவாய்க்கும் தேனிலவுக் கூட்டம்தான் சோறு போடுது. இருந்தும் நாலு மாச வருமானத்தை விட்டாங்க. உச்சிப் பள்ளம் இடிஞ்சு விழுந்தப்போ விளிம்புல நின்னு போட்டோ எடுக்க ஒரு சுற்றுலாப் பயணி கூட இல்லை.

ஃபாகாரி வழக்கு எப்படி முடிஞ்சுது? 2020-ல 13 பேர் மேல குற்றச்சாட்டு. சுற்றுலா நடத்தின கம்பெனி குற்றத்தை ஒத்துக்கிச்சு. 2024 மார்ச்சில் மொத்தமா ஒரு கோடி நியூசிலாந்து டாலர் அளவுக்கு நஷ்டஈடு உத்தரவாச்சு. தீவின் சொந்தக்காரக் கம்பெனி மீதான தண்டனையை 2025 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. தீவுக்குள்ள போக அனுமதி கொடுத்ததுதான் அவங்க வேலை, அங்கே நடக்கிற வேலையை அவங்க நிர்வகிக்கலைன்னு தீர்ப்பு. சட்டப்படி சரியாவே இருக்கட்டும். அனுமதிக்குக் காசு வாங்கலாம், பொறுப்பு மட்டும் வேற யாருக்கோ... என்ன ஒரு ஏற்பாடு!

செத்தவங்கள்ல 2 பேர் வழிகாட்டிகள்ங்கிறதையும் மறந்துடாதீங்க. தினமும் போய் வந்தவங்களுக்கே அந்தக் கதி. அன்னிக்குக் கரையிலிருந்து பறந்து போய் சாம்பலுக்குள்ள இறங்கி ஆளைத் தூக்கினதும் உள்ளூர் ஹெலிகாப்டர் பைலட்டுகள்தான். மேசைக்குப் பின்னாடி உக்காந்து முடிவெடுத்தவங்க யாரும் தீவுல இல்லை.

இது எங்கேயோ நடந்த கதைன்னு ஒதுக்கிடாதீங்க. இப்போ நம்ம ஊர்ல பாதி கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்த டிக்கெட்டு பாலிக்குத்தான். அதுவும் எரிமலைத் தீவுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி, 1,717 மீட்டர் பாத்தூர் எரிமலை மேல சூரிய உதயம் பார்க்கக் கூட்டிட்டுப் போவாங்க. பக்கத்துல இருக்கிற ஆகுங் 2017 நவம்பர்ல புகை கக்கி விமான நிலையத்தையே மூட வெச்சது. இந்தோனேசியாவில் நாலு படி எச்சரிக்கை இருக்கு, அரசாங்கமே இணையத்துல போடுது. போறவங்க தாராளமா போங்க. காசு கட்டும் முன்னாடி மூணே மூணு கேள்வி கேளுங்க:

1. இன்னிக்கு எந்தப் படியில இருக்கு, போன மாசம் எதுல இருந்துது?
2. அந்தப் படிக்கு நேரடி அர்த்தம் என்ன?
3. நாங்க மேல நிக்கும்போது வெடிச்சா எங்கே ஓடணும், எத்தனை நிமிஷம் கிடைக்கும்?

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்"னு பதில் வந்தா, அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வேற ஆளைப் பாருங்க.

மத்தபடி, தீக்காயத்தோட திரும்பி வந்த ஒரு ஜோடியைப் பார்த்து "ஏன் போனீங்க?"ன்னு கேக்குறதை நிறுத்துவோம். அழைச்சுட்டுப் போனவங்களைப் பார்த்து "என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போனீங்க?"ன்னு கேப்போம்.

டிஸ்கி: "விதி முடிஞ்சா வீட்டுலயும் சாவு வரும்"னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். வரும்ணே. ஆனா அதுக்கு டிக்கெட் போட்டு யாரும் விக்கிறதில்லை.