மலைக்கு ஆம்புலன்ஸ் வரட்டும், மண்பாதை சைக்கிளுக்கு இருக்கட்டும்

வேலூரைத் தாண்டி ஆம்பூர், வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு இரு பக்கமும் மலை தெரியும்; ஆனால், நின்று பார்க்க முடியாது. சென்னை - பெங்களூரு கண்டெய்னர் லாரிகளும் ஆம்னி பஸ்களும் ஷூ கம்பெனி வேன்களும் உரசிக்கொண்டு போகும் சாலை அது. ஒரு காலத்தில் தோல் ஷாப்புகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போனவர்களின் வாகனம் சைக்கிள்தான். இன்று அந்தச் சைக்கிள் சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டது. ஆனால், இதே ஊர்களுக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையில், மணிக்கணக்கில் மிதித்தாலும் ஒரு கார்கூட எதிரே வராத பாதைகள் இருக்கின்றன.

உலகம் முழுவதும் சைக்கிள்காரர்கள் இப்போது தேடிப் போவது இத்தகைய பாதைகளைத்தான். ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரும் அகலமான டயரும் சேர்ந்த ‘கிராவல் பைக்’ இதற்கென்றே உருவானது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2006இல் சிறிதாகத் தொடங்கிய 200 மைல் மண்சாலைப் பந்தயம் இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. சர்வதேச சைக்கிள் சங்கம் 2022இல் இதற்கென உலக சாம்பியன் போட்டியே தொடங்கிவிட்டது. கார்களுக்குப் பயந்து ஓரமாக ஒதுங்காமல் காட்டுக்குள் நிம்மதியாக மிதிக்கலாம் என்பதே இதன் ஈர்ப்பு.

கப்பியும் செம்மண்ணும்

இதற்கு ஜவ்வாது மலையைப் போலப் பொருத்தமான இடம் வட தமிழ்நாட்டில் குறைவு. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் மலை இது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் தார் ரோடு இங்கே முக்கியச் சாலைகளில் ஒன்று. இத்தகைய சாலைகளிலிருந்து சிற்றூர்களுக்குப் பிரியும் கிளைப் பாதைகள் பலவற்றில் தார் சீக்கிரமே முடிந்து கப்பி தொடங்கும். கப்பி தேய்ந்து செம்மண் வரும். மழைநீர் அரித்த பள்ளம் நடுவில் ஓட, ஓரத்தில் டூவீலர்கள் பதித்த ஒற்றைத் தடம் மட்டும் கெட்டியாக இருக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால்தான் சக்கரம் கல்லைக் கவ்வும். இறுக்கமாக இருந்தால் துள்ளி வழுக்கும். இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் ஆளைச் சாய்த்துவிடும். கவனம் முழுவதும் பாதையில் இருக்கும். காதில் விழுவது சரளை நெரிபடும் ஓசையும் பறவைச் சத்தமும் மட்டுமே.

நோயில்லாமல் வாழ விரும்பும் எவருக்கும் இது பெரும் வரம். குரோமியக் கழிவின் நெடியோடு வாழப் பழகிவிட்ட தோல் தொழில் நகரங்களின் மக்களுக்கு இந்தக் காற்றின் மேல் எல்லோரையும்விட அதிக உரிமை உண்டு. ஆனால், அந்த உரிமையைப் பேசுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தப் பாதைகளில் வண்டி வராதது ஏன்?

பாதை காலியாக இருப்பதன் விலை

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் உள்ள அத்திமரத்துக்கொல்லை என்னும் சிற்றூரில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்ப்பதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு ஆம்புலன்ஸ் பாதி வழியிலேயே நின்றுவிட, மிச்சமிருந்த சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தையும் குழந்தையின் உடலைச் சுமந்தபடி தாய் நடந்தே கடந்தார். வாணியம்பாடி அருகே நெக்னாமலையிலோ, அரசு வரும் எனக் காத்திருந்து அலுத்துப்போன ஊர்மக்களே கூடி மண்சாலை வெட்டினார்கள். மூங்கில் கழியின் இரு முனைகளிலும் போர்வையை முடிந்து, நடுவில் கர்ப்பிணியைப் படுக்கவைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றி இறக்கிக் கொண்டுவரும் டோலி இந்த மலைகளில் பழங்கதை ஆகிவிடவில்லை.

ஆகவே, ‘மலைப் பாதைகளுக்குத் தார் போடாதீர்கள், அழகு கெடுகிறது’ என்று சமவெளியிலிருந்து வரும் சைக்கிள்காரர் சொல்வது அநீதி. இத்தாலியின் டஸ்கனியில் வெள்ளை மண்சாலைகளைத் தாரிலிருந்து காப்பதற்காக 1997இல் ‘லெரோயிகா’ என்ற சைக்கிள் பயணம் தொடங்கப்பட்டு, அந்தச் சாலைகள் இன்று பாதுகாக்கப்படுகின்றன. அங்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேறு நல்ல சாலை இருக்கிறது. இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடிகளின் பல ஊர்களுக்கு இருப்பது ஒரே பாதை. புறக்கணிப்பால் காலியாகக் கிடக்கும் பாதையில் கிடைக்கும் அமைதியை இயற்கையின் கொடையென்று கொண்டாட நமக்கு உரிமை இல்லை.

சாலை போடுவதற்குச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையுடன் சாலைக்கும் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் ஒதுக்க 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வழிவகுக்கிறது. பெரிய சாலைகளுக்கு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அனுமதி பெறலாம். தாமதத்துக்குக் காரணம் கோப்புகள்தான்.

சாலை வந்த பிறகு

சாலை போட்டதோடு வேலை முடிந்துவிடாது. பக்கத்திலிருக்கும் ஏலகிரியைப் பாருங்கள். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் வரும் இந்த மலைக்கு விடுமுறை நாளில் சென்றால், வளைவுக்கு வளைவு கார்களும் ஹாரன் சத்தமும்தான். உள்ளூர்க்காரருக்காகப் போட்ட சாலையில் உள்ளூர்க்காரரே நெரிசலில் நிற்கும் நிலை நாளை ஜமுனாமரத்தூருக்கும் வரும். அதைத் தடுக்க இப்போதே முடிவெடுக்க வேண்டும்.

வண்டிகளுக்கு வரம்பு வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சத்தியமங்கலம் வனத்தில் திம்பம் மலைச்சாலையில் 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்படுகிறது. ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். உள்ளூர் மக்களுக்கு விலக்கு உண்டு. எந்த வண்டி, எப்போது, எதற்காக என்று கேட்டு அனுமதிக்க முடியும் என்பதற்கு இவையே சான்று. ஜவ்வாது மலையிலும் மினி பஸ், ஆம்புலன்ஸ், விளைபொருள் ஏற்றும் வண்டி, உள்ளூர் டூவீலர் ஆகியவை எந்நேரமும் போகட்டும். சுற்றுலாக் கார்கள் அடிவாரத்தில் நிற்கட்டும். இரவில் வெளியூர் வண்டிகள் ஏறவே வேண்டாம். காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியோடு இயங்கும் வைணு பாப்பு வானாய்வகத்துக்கும் இருண்ட வானம் தேவை என்பதை மறக்கக் கூடாது.

தார் தேவைப்படாத பாதைகளும் உண்டு. புதுச்சாலை வந்ததும் கைவிடப்படும் பழைய வண்டித் தடங்கள், வனத்துறையின் ரோந்துப் பாதைகள் ஆகியவற்றில் தகுந்தவற்றை மோட்டார் வாகனம் நுழையாத சைக்கிள் பாதைகளாக அறிவிக்கலாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 20க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை நினைவில் வைத்து, இவற்றைக் கோடையில் மூடிவிட வேண்டும். பகலில் மட்டும், உள்ளூர் வழிகாட்டியோடு, எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து அனுமதிக்க வேண்டும். 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு முறையில் திறந்தபோது நடப்பவர்களுக்கு இதைத்தான் செய்தது. சைக்கிளுக்கும் செய்யலாம்.

எந்தப் பாதை, எத்தனை பேர், என்ன கட்டணம் என்பதையெல்லாம் கிராம சபை முடிவு செய்ய வேண்டும். வாடகைச் சைக்கிள், பஞ்சர் கடை, சாமைச் சோறு, தேன் என வரும் வருமானம் மகளிர் குழுக்களுக்குப் போக வேண்டும். பிழைப்பு இல்லாமல் ஆந்திரக் காடுகளுக்கு மரம் வெட்டப் போனவர்களில் 20 பேர் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. சைக்கிள் சுற்றுலா அந்த வறுமையைத் தீர்த்துவிடாது. ஆனால், சொந்த மலையில் கௌரவமாகச் சம்பாதிக்க ஒரு வழியாவது கிடைக்கும்.

பாலாறு சொல்லும் பாடம்

கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்னும் ‘முன்னெச்சரிக்கைக் கொள்கை’யை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றது இந்த மண்ணின் வழக்கில்தான். 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், தோல் கழிவால் பாலாறு பாழானதை விசாரித்தபோது அது வந்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியிலும் அதே ஆற்றின் மாசுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. கெட்ட பிறகு சரிசெய்வது எவ்வளவு கடினம் என்பதை இந்தப் பகுதி மக்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

மலை இன்னும் கெடவில்லை. அதனால்தான் இப்போதே பேச வேண்டியிருக்கிறது. வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில், சாலை இல்லாத ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும் ஆம்புலன்ஸ் போகும் சாலை. அந்தச் சாலை திறக்கும் அன்றே வெளியூர் வண்டிகளுக்கான வரம்பு. அதன் பிறகு, கிராம சபைகள் மனமுவந்து திறந்துவிடும் மண்பாதைகள். திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆட்சியர்களும் வனத்துறையும் மலைக் கிராம சபைகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால் இதைத் தொடங்கிவிடலாம்.