மாத்திரையை மறைக்கும் மடமை

வேலைக்கு முந்திய மருத்துவச் சோதனை நெருங்கினால், மனநோய்க்கு உண்ணும் மாத்திரையை நிறுத்திவிடுமாறு பிள்ளைக்குச் சொல்லும் பெற்றோர் நம் விளாங்குடியிலும் உளர். இஃது எவ்வகைப் பாசம்? லித்தியம் போன்ற மருந்தைத் திடீரென நிறுத்தினால் அடங்கிய நோய் மீண்டும் கிளர்ந்தெழக்கூடும் அன்றோ?

இவ்வச்சத்தை விதைத்தோர் வேலை தருவோரே. சர்க்கரை நோய்க்கு ஊசி போடுபவரிடம் “வேலை செய்ய இயலுமா?” என வினவுவோர், மனநல மாத்திரை என்றதும் கதவடைக்கின்றனர். 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் என்னும் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரியின் வழக்கில், மனநலக் குறைபாட்டோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பணியில் இருந்தவர். பணி தேடி வாசலில் நிற்பவனுக்கு வேறு நீதியோ?

பொய்யுரைக்குமாறு நாம் கூறவில்லை. படிவம் நேரே கேட்பின் உண்மையை எழுதுக. சிகிச்சை தரும் மருத்துவரிடம் ‘இப்பணிக்குத் தகுதியுடையவர்’ என்னும் சான்றும் பெறுக. கேளாததை வலியச் சென்று சொல்லவேண்டுவதில்லை. நோயாளியின் இரகசியம் அமானிதம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் தன் 23ஆம் பிரிவில் அதனை அவருடைய உரிமையாக்கியுள்ளது.

பெற்றோரே, சோதனைக்கு முந்திய இரவும் மாத்திரையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.