பழைய வீட்டில் விளக்கெரியட்டும்!

பழைய வீடுகளில் இரண்டு நாள் தங்கிப் பார்க்கும் ஆசை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 1846-இல் ஜெர்மானியர் குடியேறி நிறுவிய பிரடெரிக்ஸ்பர்க் என்னும் ஊரில், அம்முன்னோடிகளின் சின்னஞ்சிறு வீடுகள்கூட விடுமுறைக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன. இதனால் வீடு வாழுமா, வெறும் விலைப்பொருளாகுமா என்பதே நம் சிந்தனைக்குரியது.

விடை தேட நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. தரங்கம்பாடி வரை சென்றால் போதும். 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-இல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்கு, மணலில் எழுதிப் பழகும் சிறுவரோடு அமர்ந்து தமிழ் கற்றார்; 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார்; 1719-இல் தம் 36-ஆம் வயதில் மறைந்தார். அவர் வாழ்ந்த இல்லம் செப்பனிடப்பட்டு 2017-இல் அருங்காட்சியகமாயிற்று. அதே ஊரின் கடற்கரையில் நின்ற பழைய கலெக்டர் பங்களாவோ தங்கும் விடுதியாயிற்று. வழி வேறாயினும் இரண்டு கட்டடங்களும் பிழைத்தன. பூட்டிய வீட்டைக் கறையானும் அரசங்கன்றும் விட்டுவைப்பதில்லை. பல்லாண்டுகள் சிதைந்து கிடந்த பூசிமலைக்குப்பத்து ஜாகீர்தார் மாளிகையே இதற்குச் சான்று.

இனி நம் ஊருக்கு வருவோம். சம்புவராயரின் தலைநகராய் விளங்கிய படவேட்டுக்கு, ஆடி வெள்ளிதோறும் ரேணுகாம்பாள் சந்நிதி நாடி மக்கள் வெள்ளமெனத் திரள்கின்றனர். அருகே ஆரணியிலும் சுற்றூர்களிலும் கூடத்தில் குழித்தறியும் முகப்பில் திண்ணையும் கொண்ட ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. மழையில் ஒழுகும் ஓட்டை மாற்ற நெசவாளிக்குக் கையில் காசில்லை. அவ்வீட்டின் ஓர் அறையில் வெளியூரார் இருவர் தங்கினால், கூரைக்கு ஓடும் வரும். பட்டுக்கு நேரடியாக வாங்குவோரும் வருவர்.

"விருந்தோம்பலுக்கு வாடகையா?" என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். திண்ணையில் இலவசமாக இடம் தந்த நாடுதான் இது. ஆனால் திண்ணையே இடிந்தபின் வழிப்போக்கனை எங்கே அமர்த்துவது?

நாம் அஞ்ச வேண்டியது வாடகைக்கு அன்று. குடும்பத்தை வெளியேற்றிவிட்டு, தறியை அலங்காரப் பொருளாக்கும் முதலாளிக்கே. தறி ஓட வேண்டும். வீட்டார் அங்கேயே வாழ வேண்டும். வருவாய் அவர்களுக்கே சேர வேண்டும். இம்மூன்றும் இல்லையேல் அவ்விடுதி நமக்கு வேண்டாம்.

மாணவத் தோழர்களே! வரலாற்றுத் துறையினர் இவ்விடுமுறையில் தத்தம் ஊரின் பழைய வீடுகளைக் கணக்கெடுத்து எழுதி வைப்பார்களாக. எஞ்சியிருப்பது எதுவெனத் தெரிந்தால்தானே அதைக் காக்க முடியும்!