சிபாப் மெஷினுடன் விமானப் பயணம்: மெஷினுக்குத் தடை இல்லை, சிக்கல் பேட்டரியில்தான்! என்னென்ன ரூல்ஸ்?

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் ஏப்னியா' பிரச்னைக்காக, இரவில் மாஸ்க் மாட்டி சிபாப் மெஷினுடன் தூங்குகிறவர்கள் அதை விமானத்தில் எடுத்துச் செல்லலாமா? ஹேண்ட் பேக்கிலா, செக்-இன் பேக்கிலா? 7 கிலோ கணக்கில் சேருமா? விமானத்துக்குள்ளேயே போட்டுத் தூங்கலாமா?

ஆவடி டேங்க் ஃபேக்டரியிலோ, அண்ணனூர் ரயில் பணிமனையிலோ, அம்பத்தூர் எஸ்டேட்டிலோ வேலை பார்த்து ரிட்டயர்ட் ஆகி, பேரப்பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பும் பெற்றோரின் லக்கேஜில் இப்போது இந்த மெஷினும் இடம்பிடிக்கிறது. பவர் பேங்க் விஷயத்தில் விமான நிறுவனங்கள் கெடுபிடி காட்டத் தொடங்கிய பிறகு, குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்லீப் ஏப்னியா என்றால் என்ன?

தூங்கும்போது தொண்டைப் பகுதித் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கின்றன. சில நொடிகள் மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உஷாராகி எழுப்பி விடுகிறது. ஒரே இரவில் இது பல முறை நடக்கும். பலமான குறட்டை, காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுவது எல்லாம் இதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை வரை போகும்.

2022 பிப்ரவரியில் பிரபல இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் காலமானபோது, அவருக்கு ஸ்லீப் ஏப்னியா இருந்ததாக மருத்துவர்கள் தெரிவித்தனர். அதன் பிறகுதான் இந்தப் பெயரே பலருக்குத் தெரிய வந்தது. இந்தியாவில் வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10.4 கோடி பேருக்கு இந்தப் பிரச்னை இருக்கலாம் என்று, டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023ல் வெளியிட்ட ஆய்வில் மதிப்பிட்டிருந்தனர்.

இதற்கான முக்கியமான சிகிச்சைதான் சிபாப். காற்றை ஒரே அழுத்தத்தில் மாஸ்க் வழியாக அனுப்பி, மூச்சுப் பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும் மெஷின். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981ல் அறிமுகப்படுத்திய முறை இது. மெஷின் போடாத இரவில் பிரச்னை மறுபடியும் தலைதூக்கும். ஊருக்குப் போனாலும் மெஷினும் கூடவே போக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

எந்த பேக்கில் வைப்பது?

ஒரே பதில், ஹேண்ட் பேக்.

மெஷினை செக்-இன் பேக்கில் போடக் கூடாது என்று தடை எதுவும் இல்லை. ஆனால் பேக் வேறு ஊருக்குப் போய்விட்டால், பேக் வந்து சேரும் வரை மெஷின் இல்லாமல்தான் தூங்க வேண்டும். தூக்கிப் போடுவதில் மெஷினும் தண்ணீர் டப்பாவும் உடையலாம்.

நஷ்ட ஈடும் பெரிதாகக் கிடைக்காது. உள்நாட்டு விமானத்தில் லக்கேஜ் தொலைந்தாலோ சேதமானாலோ விமான நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய்தான். நல்ல ஆட்டோ சிபாப் மெஷினின் விலை இதைவிட அதிகம். சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி வரம்பு 1,519 எஸ்டிஆர் என 2024 டிசம்பர் 28 முதல் உயர்த்தப்பட்டுள்ளது. ஆனால் அந்தத் தொகை கைக்கு வருவதற்குள் பயணமே முடிந்துவிடும்.

7 கிலோ கணக்கில் சேருமா?

இங்கேதான் நாட்டுக்கு நாடு ரூல் மாறுகிறது.

அமெரிக்காவில் சிபாப் மெஷின் என்பது 'உதவி உபகரணம்'. வீல்சேர், ஊன்றுகோல் போல. ஹேண்ட் பேக் எண்ணிக்கையில் அதைச் சேர்க்கக் கூடாது என்பது அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதி. ஒரே நிபந்தனை, அந்தப் பையில் மெஷினும் அது சம்பந்தப்பட்ட பொருட்களும் மட்டுமே இருக்க வேண்டும். இடம் இருக்கிறதே என்று நாலு புடவையைத் திணித்தால் அது சாதாரண ஹேண்ட் பேக் ஆகிவிடும்.

இந்த விதி அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு மட்டுமல்ல, அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து கிளம்பும் வெளிநாட்டு நிறுவனங்களின் விமானங்களுக்கும் பொருந்தும். ஆனால் சென்னையில் இருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய் வழியாகப் போகிறவரை எடுத்துக்கொண்டால், துபாய் - நியூயார்க் விமானத்தில் இந்த உரிமை இருக்கும். சென்னை - துபாய் விமானத்தில் அந்த நிறுவனத்தின் சொந்தக் கொள்கைதான். ஒரே டிக்கெட்டில் இரண்டு ரூல்!

இந்தியாவில் எகானமி பயணிக்கு ஒரு ஹேண்ட் பேக், 7 கிலோ என்பதுதான் பொதுவான கணக்கு. மருத்துவ உபகரணத்துக்குச் சலுகை தருவதை ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையில் வைத்திருக்கிறது. 2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஸ்லீப் ஏப்னியா கிடையாது. அதனால் 'இது என் உரிமை' என்று கவுன்ட்டரில் நின்று வாதாடுவதைவிட, முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி வைப்பதுதான் கைகொடுக்கும்.

நடைமுறையில் மெஷின் அவ்வளவு கனமும் இல்லை. வீட்டில் பயன்படுத்தும் வழக்கமான மாடல்கள் ஒன்றேகால் கிலோ அளவில்தான் இருக்கும். பயணத்துக்கென்றே வரும் குட்டி மாடல்களில் 300 கிராம் எடையிலும் உண்டு. ஆனால் சில குட்டி மாடல்களுக்கு எல்லா மாஸ்க்கும் பொருந்தாது. வாங்கும் முன் தன் மாஸ்க் சேருமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பேட்டரி: சிக்கல் இங்கேதான்

மெஷினை மட்டும் கொண்டுபோனால் பெரிய கேள்வி வராது. கூடவே தனி பேட்டரி வைத்திருந்தால் கதை வேறு. விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் அளவு இது:

● 100 வாட் ஹவர் வரை: ஹேண்ட் பேக்கில் அனுமதி

● 100 முதல் 160 வாட் ஹவர் வரை: விமான நிறுவனத்தின் அனுமதி கட்டாயம், உதிரி பேட்டரி அதிகபட்சம் 2

● 160 வாட் ஹவருக்கு மேல்: பயணியின் லக்கேஜில் எடுத்துச் செல்ல முடியாது

உதிரி பேட்டரியை செக்-இன் பேக்கில் போடவே கூடாது. சரக்கு அறையில் தீப்பிடித்தால் ஊழியர்களால் உடனே போய் அணைக்க முடியாது என்பதுதான் காரணம்.

வாட் ஹவர் எவ்வளவு என்று பேட்டரி மேலேயே அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினால் போதும். 24 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் என்றால் 96 வாட் ஹவர், தாராளமாகப் போகலாம். அதே 24 வோல்ட்டில் 7 ஆம்பியர் ஹவர் என்றால் 168, வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். எழுத்து அழிந்துபோன பேட்டரியும் ஆபத்துதான். அளவு தெரியாத பேட்டரியை அதிகாரிகள் அனுமதிக்க மாட்டார்கள்.

பவர் பேங்க் கெடுபிடி இவர்களைப் பாதிக்குமா?

2025 ஜனவரி 28ல் தென்கொரியாவின் புசான் ஏர்போர்ட்டில் புறப்படத் தயாராக இருந்த ஏர் புசான் விமானம் தீப்பிடித்தது. உள்ளே இருந்த எல்லோரும் தப்பினார்கள். பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அதன் பிறகு நிறுவனங்கள் வரிசையாக ரூலை இறுக்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை போட்டன. இரண்டுமே சென்னைப் பயணிகள் அதிகம் ஏறும் விமானங்கள்.

2025 அக்டோபரில் டெல்லியில் இருந்து திமாபூர் கிளம்பிய இண்டிகோ விமானத்தில், ஓடுபாதை நோக்கி நகரும்போதே ஒரு பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்தது. ஊழியர்கள் உடனே அணைத்துவிட்டனர். பவர் பேங்க்கையும் உதிரி பேட்டரியையும் தலைக்கு மேலே உள்ள லாக்கரில் வைக்காமல் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வும் அறிவுறுத்தியது.

சிபாப் பேட்டரி என்பது மருத்துவ உபகரணத்துக்கானது. ஆனால் சர்வதேச விதிகளில் பவர் பேங்க்கும் உதிரி பேட்டரி வகையில்தான் வருகிறது. பார்வைக்கும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கவுன்ட்டரில் இருப்பவர் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பார்? 'இது மெடிக்கல் பேட்டரி, விமானத்துக்குள் இதில் மெஷினை ஓட்டலாம்' என்று அந்த நிறுவனம் அனுப்பிய மெயில் கையில் இருந்தால்தான் பேச்சு அங்கேயே முடியும்.

விமானத்துக்குள் போட்டுத் தூங்கலாமா?

எடுத்துச் செல்ல அனுமதி வேறு, பயன்படுத்த அனுமதி வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

அமெரிக்க விதிப்படி, விமானத்துக்குள் சிபாப் போட விரும்பும் பயணி 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்று நிறுவனம் கேட்கலாம். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு பேட்டரி இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். 16 மணி நேரப் பயணம் என்றால் 24 மணி நேர பேட்டரி! மெஷினில் 'விமானத்தில் பயன்படுத்தலாம்' என்ற லேபிளும் தேவை.

சீட்டில் பிளக் பாயின்ட் இருந்தாலும் முழுசாக நம்ப முடியாது. லேப்டாப், போனுக்காக வைத்தது அது. தண்ணீரைச் சூடாக்கும் ஹியூமிடிஃபையரும், சூடாகும் ட்யூபும்தான் கரண்ட்டை அதிகம் இழுக்கும். இரண்டையும் ஆஃப் செய்தால் மெஷின் மட்டும் குறைந்த மின்சாரத்தில் ஓடும். டேட்டா அனுப்பும் வசதி உள்ள மெஷினை ஏரோபிளேன் மோடில் போட வேண்டும்.

இரண்டு மணி நேர உள்நாட்டுப் பயணத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. ராத்திரி முழுக்கப் பறக்கும் பயணம் என்றால், மெஷின் போடாமல் தூங்கலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஆக்சிஜன் ஏற்கெனவே கொஞ்சம் குறைவு. மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தி, மூச்சு நிற்பதைக் கூட்டும் என்பதை மறக்கக் கூடாது.

செக்யூரிட்டி செக்கில் என்ன நடக்கும்?

லேப்டாப் போல மெஷினையும் பையில் இருந்து வெளியே எடுத்து ட்ரேயில் வைக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் இது எழுதப்பட்ட நடைமுறை. மாஸ்க்கும் ட்யூபும் பையிலேயே இருக்கலாம். ட்ரேயில் ஊர் செருப்பெல்லாம் போகும் என்பதால், மெஷினை ஒரு சுத்தமான கண்ணாடிக் கவரில் போட்டு வைக்கலாம்.

சென்னை ஏர்போர்ட்டில் பாதுகாப்புச் சோதனை சிஐஎஸ்எஃப் வசம். "இது மூச்சு விடுற மெஷின்" என்று முதலிலேயே சொல்லி, டாக்டர் சீட்டைக் காட்டிவிட்டால் வேலை சுலபம். பெயர், நோய், மெஷின் மாடல் மூன்றும் லெட்டர்ஹெட்டில் இருந்தால் போதும்.

கிளம்பும் முன் தண்ணீர் டப்பாவைக் காலி செய்து துடைத்துவிட வேண்டும். தண்ணீரோடு மெஷினைச் சாய்த்தால் உள்ளே இறங்கிக் கெட்டுவிடும். டிஸ்டில்டு வாட்டரைப் போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம். இன்வர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரி வாட்டர் மூச்சு விடும் மெஷினுக்காகத் தயாரிக்கப்படுவது அல்ல, அதை ஊற்றக் கூடாது.

பெரும்பாலான மெஷின்களின் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அதனால் கன்வெர்ட்டர் தேவைப்படாது, அந்த நாட்டு பிளக் முனை மட்டும் போதும். அடாப்டர் மேல் எழுதியிருப்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணனூரில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு

பகல் விமானம் என்றால் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து மெட்ரோவில் நேராக ஏர்போர்ட் போகலாம். பல வெளிநாட்டு விமானங்கள் நள்ளிரவுக்கு மேல் கிளம்புகின்றன. மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும் என்பதால், கடைசி ரயிலை நம்பாமல் சீக்கிரமே போய்விடலாம், இல்லாவிட்டால் பைபாஸ் வழியாக கார்தான். பேட்டரி பற்றிக் கவுன்ட்டரில் பேசவே நேரம் பிடிக்கும். வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது.

மறுத்தால் என்ன செய்வது?

விமானத்தில் இடம் இல்லை என்று கடைசி நேரத்தில் ஹேண்ட் பேக்கை வாங்கி சரக்கு அறைக்கு அனுப்புவது உண்டு. அப்போது மெஷினையும் பேட்டரியையும் வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். உதிரி பேட்டரி சரக்கு அறைக்குப் போகக் கூடாது என்பது ரூல் என்பதால், ஊழியர்களும் அதைத் தடுக்க முடியாது.

கவுன்ட்டரில் மறுத்தால் டியூட்டி மேனேஜரைக் கேட்கலாம். மறுத்த காரணத்தை எழுத்தில் தரச் சொல்லலாம். பிறகு மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். ஆனால் புகாருக்குப் பதில் வருவதற்குள் விமானம் போயிருக்கும். முன்கூட்டி வாங்கும் மெயில்தான் அன்றைய ராத்திரித் தூக்கத்தைக் காப்பாற்றும்.

கிளம்பும் முன் சரிபார்க்க

● டிக்கெட் போட்டதும் மெயில்: எடுத்துச் செல்ல, பயன்படுத்த, பேட்டரிக்கு என மூன்றுக்கும் அனுமதி. மெஷின் மாடல், பேட்டரி வாட் ஹவர் குறிப்பிட வேண்டும்

● இரண்டு நிறுவனங்களின் விமானம் மாறினால் இரண்டு பேருக்கும் தனித்தனி மெயில்

● டாக்டர் லெட்டர், மெஷின் பில், அனுமதி மெயில்: பிரின்ட் ஒன்று, போனில் ஒன்று

● மெஷினுக்குத் தனிப் பை. துணிமணி வேண்டாம்

● பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி, தனித்தனி கவரில்

● உதிரி மாஸ்க் குஷன், ஃபில்டர், எக்ஸ்டென்ஷன் கார்டு

● மெஷினில் டாக்டர் வைத்த அழுத்த அளவின் போட்டோ. மெஷின் பழுதானால் போகிற ஊரில் வாடகைக்கு எடுக்க இது உதவும்