இருவர் இருவராக



மறைபரப்பாளர் என்றதும் நம் மனக்கண்முன் எழும் உருவம் எது? நீண்ட தாடியும் அங்கியும் கையில் செபமாலையுமாகத் தனியே நடந்துவரும் ஒரு குருவானவரின் உருவமே. அதில் வியப்பொன்றுமில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தங்கிப் பணிசெய்த பூஷே அடிகளார் முதலிய இயேசு சபையார், மனைவி மக்கள் என்ற பந்தமின்றி வந்தவர்கள். அவர்களை நினைத்து நினைத்தே, மறைபரப்பு என்பது துறவியரின் தனியுரிமை என்றும், குடும்பத்தாருக்கு அதில் காணிக்கை இடுவதும் செபிப்பதுமே பங்கு என்றும் நாம் முடிவு கட்டிவிட்டோம்.

ஆனால் நம் ஆண்டவர் தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார். தொடக்கத் திருச்சபையில் அவ்விருவர் கணவனும் மனைவியுமாக அமைந்ததும் உண்டு. ஆக்கிலா, பிரிசில்லா என்னும் தம்பதிகளை அறியாதார் யார்? ஆக்கிலா போந்து நாட்டில் பிறந்த யூதர். கூடாரம் செய்வது தொழில். கிளாடியு பேரரசன் யூதர்களை உரோமையை விட்டு வெளியேற்றியபோது, இருவரும் கொரிந்து நகருக்குப் பிழைக்க வந்தனர். அங்கே புனித சின்னப்பருக்குத் தங்க இடமும், உடன் செய்யத் தொழிலும் கொடுத்தது அவர்கள் வீடே. பின்னர் எபேசு நகருக்குச் சென்றனர். கல்வியிற் சிறந்த அப்பொல்லோவைத் தங்களோடு அழைத்துச் சென்று, ஆண்டவரின் நெறியை அவருக்கு இன்னும் திருத்தமாக விளக்கினர். பிறகு மீண்டும் உரோமைக்குத் திரும்பினர். போன ஊரிலெல்லாம் அவர்கள் வீடே கோவிலாயிற்று. ஒரே ஒரு செய்தியை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்: புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் இவர்கள் பெயர் வருகிறது, ஆறிலும் இருவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. ஒருவரை விட்டு ஒருவரைப் பற்றிப் பேச வேதாகமம் அறியாது!

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் குடும்பத்தைக் குறித்து வெளியிட்ட மடலில், மறைபரப்பும் தம்பதிகளுக்கு இவர்களையே எடுத்துக்காட்டாக நிறுத்தியுள்ளார்.

இது பழங்காலத்துக் கதை என்று சிலர் நினைக்கலாம். நம் பக்கத்திலேயே, நம் பாட்டனார் காலத்திலேயே, இவ்வாறு வாழ்ந்த ஒரு தம்பதியின் வரலாறு உண்டு. திருச்சியைக் கடந்து முசிறி, துறையூர்ப் பக்கம் சென்றவர்கள் மேற்கே நீலமாய் நீண்டு கிடக்கும் ஒரு மலைத்தொடரைக் கண்டிருப்பார்கள். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை அது. அங்கே 1913ஆம் ஆண்டு ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் என்னும் ஆங்கிலேயத் தம்பதிகள் குடியேறினர். மணம் முடித்த கையோடு, கொட்டும் மழையில் நனைந்தபடியே புதுமணத் தம்பதிகள் மலையேறினர் என்று அவர்களின் வரலாறு கூறும்.

இவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், பாப்திஸ்து சபையினர். எனினும், பிரிந்த சகோதரரிடம் விளங்கும் நற்பண்புகளை மகிழ்வோடு ஏற்றுப் போற்றுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம்மைப் பணித்திருக்கிறது. அந்த மகிழ்ச்சியோடுதான் இதனை எழுதுகிறோம்.

அத்தம்பதிகளின் ஒரு வாரம் எப்படிக் கழிந்தது? ஞாயிறு ஆராதனைக்கு உரியது. மற்ற நாள்களில் வேலைக்குக் குறைவில்லை. புண்ணும் காய்ச்சலுமாக வருவோருக்கு மருந்திட வேண்டும். சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டும். ஜெஸ்ஸி முழு மருத்துவர் அல்லர். கட்டட வேலை பழகியவர். வெப்ப நாட்டு நோய்களைப் பற்றி ஓராண்டு பயின்றவர். அவ்வளவே. அந்த அறிவை வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். இளைஞர்களுக்குத் தச்சு வேலை கற்பித்தார். மலைமக்களின் குறைகளை அதிகாரிகளிடம் எடுத்துரைத்தார். இலண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்ற எவலின் அம்மையார், நோயாளிகளின் புண்ணைக் கழுவினார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் கற்பித்தார். இதற்கிடையே தம் இரு மக்களுக்கும் தாமே ஆசிரியை. மகன் பால் மரக்கிளையில் ஏறி அமர்ந்து பாடம் எழுதுவானாம். முடித்ததும் தாளைக் கீழே நழுவவிடுவானாம். தாய் அதனை எடுத்துத் திருத்துவாராம்.

இத்தனை உழைப்புக்கும் கண்ட பலன் என்ன? சில ஆண்டுகள் வரை ஒருவரும் அவர்களுடைய சபையில் சேரவில்லை. ஊர்ப் பூசாரியார் அவர்களை எதிர்த்து நின்றார். 1918, 1919ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் கோடிக்கணக்கானோரை மடித்த விஷக்காய்ச்சல் அம்மலையிலும் ஏறியது. நோயுற்றோரைச் சொந்தக்காரர்களே விட்டு ஓடினர். ஜெஸ்ஸியும் எவலினும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று ஊட்டினர். அந்தப் பூசாரியாரும் மனைவியும் காய்ச்சலில் விழுந்தனர். சாகும் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை எவரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? தாம் எதிர்த்து வந்த அந்த வெள்ளைக்காரத் தம்பதிகளிடமே! மக்கள் மனம் மாறத் தொடங்கியது அன்றுதான். பிரசங்கம் திறவாத கதவைக் கஞ்சிக் கலயம் திறந்தது.

1929ஆம் ஆண்டு ஜெஸ்ஸி காய்ச்சலுக்கு இரையானார். மலையிலேயே அடக்கம் செய்தனர். மக்கள் இருவரும் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தனர். கைம்பெண்ணான எவலின் தாய்நாடு சென்று துயர் ஆற்றிவிட்டு, மீண்டும் இங்கேயே வந்தார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை, சித்தேரிமலை, பெரியமலை ஆகிய ஐந்து மலைகளிலும் பணிசெய்ய வேண்டும் என்பது கணவனும் மனைவியுமாகக் கண்ட கனவு. அதில் பெரும்பகுதி மிச்சமிருந்தது.

அவருக்கு எழுபது வயது நெருங்கியபோது, மிஷன் சங்கத்தார் ஓய்வு கொடுத்தனர். அம்மையார் ஓய்வை வணக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். பின்பு, சங்கத்தின் ஊழியர் என்ற பொறுப்பு நீங்கியதால் தம் விருப்பம்போல் எங்கும் வாழலாமே என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்கே ஏறிவிட்டார்! எழுபத்தைந்தாம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்போதும் இறங்கி வர மறுத்தார். இரு கைகளிலும் மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். குதிரைமேல் ஏறிச் சென்றார். முதுமை நினைவு வராதிருக்க வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. 1974ஆம் ஆண்டு, தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில், கொல்லிமலை மண்ணில் அவரை அடக்கம் செய்தனர். நாற்பத்தைந்து ஆண்டுகள் தனித்து நடந்தவர், கணவர் விட்ட வேலையைத் தம் வேலையாகவே எண்ணி நடந்தார்.

அவர் மகன் பால் பிராண்டும் மருமகள் மார்கரெட்டும் மருத்துவத் தம்பதிகள். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1966 வரை பணிசெய்து, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தியவர் பால். தொழுநோயாளரின் கண்ணொளியைக் காக்க உழைத்தவர் மார்கரெட்.

எவலின் அம்மையாரின் முதுமைப் பணிகளில் ஒன்று நம் மாவட்டத்து மக்களுக்கு எளிதில் விளங்கும். ஆறு வளம் குறைந்த நம் ஊர்களில் முன்னோர் குடிதண்ணீருக்காக ஊருணிகளை வெட்டினர். ஊருணியில் கால் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் அதட்டியது பலருக்கு நினைவிருக்கும். அந்த அதட்டலில் பெரும் உண்மை இருக்கிறது. நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோய் தண்ணீர் வழியாகவே பரவியது. நோயுள்ளவன் தண்ணீரில் கால் வைத்தால், கொப்புளத்தினின்று புழுவின் குஞ்சுகள் வெளிப்படும். தண்ணீரிலுள்ள நுண்ணிய பூச்சிகள் அவற்றை விழுங்கும். அத்தண்ணீரைக் குடித்தவன் உடலில் ஓராண்டளவில் மூன்றடி நீளப் புழு வளர்ந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். அறுந்துவிடாமல் அதனைக் குச்சியில் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மலையூர்களில் மக்கள் இறங்கி நின்று மொண்ட ஆழமில்லாத கிணறுகளுக்குக் கல்சுவர் எழுப்பும்படி பிராண்ட் பாட்டி சொன்னார். அம்மக்கள் எழுப்பினர். பெரும்பரப்பில் அந்நோய் ஒழிந்தது. இந்தியா முழுவதிலும் 1996க்குப் பின் அந்நோய் காணப்படவில்லை. 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் அதற்குச் சான்றளித்தது.

அதிகாரிகள் சொல்லிக் கேளாத மக்கள் கிழவியின் சொல்லை ஏன் கேட்டார்கள்? அவர் அவர்களோடு முதுமை எய்தியவர். அவர்கள் வீட்டுச் சாவுக்கும் பிறப்புக்கும் உடனிருந்தவர். அந்த நம்பிக்கையை இளமையின் வேகத்தால் பெற முடியாது; ஆண்டுகள்தாம் தரும். ஆகவே முதுமை என்பது பணியின் முடிவன்று. சில பணிகளுக்கு அதுவே தகுதி.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். வீடு மந்திரிக்கச் செல்லும்போது நாம் அடிக்கடி காண்பது என்ன? பெரிய வீடு, பூட்டிய அறைகள், திண்ணையில் ஒரு முதியவர். "அம்மா எங்கே?" என்றால், "சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனாள் சாமி, ஆறு மாதமாயிற்று" என்பார். இன்னொரு வீட்டில் தாய் மூத்தவனிடம், தந்தை இளையவனிடம். நிலத்தைப் பங்கிட்டதுபோல் பெற்றோரையும் பங்கிட்டிருக்கிறார்கள்! கடவுள் இணைத்ததை மனிதன் பிரிக்கலாகாது என்று மணநாளில் கேட்டோமே. மக்களும் மனிதர் அல்லரோ? எந்தத் தீய எண்ணமும் இன்றி, வசதியை முன்னிட்டே இவ்வாறு செய்கிறார்கள் என்பதை அறிவோம். ஆயினும் நாற்பது ஆண்டுகள் ஒரே பானையில் உண்டவர்களை அந்திமக் காலத்தில் பிரிப்பது கொடுமையே. பிள்ளைகளே, அழைப்பதானால் இருவரையும் அழையுங்கள். அழைத்த பின் சம்பளமில்லாத ஆயாவாகவும் காவற்காரனாகவும் நடத்தாதீர்கள்.

வெளிநாடு செல்லும் மூத்த தம்பதிகளுக்கும் ஒரு சொல். "பாஷை தெரியாத ஊரில் நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கிறோம்" என்று வருந்துகிறீர்கள். நீங்கள் பேரக்குழந்தைக்குக் காவலாக மட்டும் போகவில்லை. ஆக்கிலாவும் பிரிசில்லாவும் போலத் திருச்சபையால் அனுப்பப்பட்டவர்களாகப் போகிறீர்கள். உங்கள் ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். காலையில் பேரப்பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவது நீங்கள். மாலையில் தமிழில் வேதாகமக் கதை சொல்வது நீங்கள். இரவில் செபமாலையைத் தொடங்குவது நீங்கள். ஞாயிறன்று குடும்பத்தைத் திருப்பலிக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் எழுந்த லூர்து மாதா ஆலயம் இன்றும் நிற்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே தொழிலாளராகத் தனித்து வாழ்கின்றனர். மாதத்தில் ஒரு நாளேனும், மகனிடமும் மருமகளிடமும் கலந்து பேசி, இரண்டு பேரை அழைத்து வந்து ஒரு வேளை சோறிடுங்கள். அந்த வீடும் கோவிலாகும்.

ஊரிலேயே இருப்போருக்கும் வேலையுண்டு. நோயாளியைச் சந்திக்க இருவருமாகச் செல்லலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்திப் படிக்கச் சொல்லலாம். சண்டையிட்டுப் பேசாதிருக்கும் இளந்தம்பதிகளிடம் சென்று, நீங்கள் எப்படிச் சண்டையிட்டுச் சமாதானமானீர்கள் என்று சொல்லலாம். இதனைக் குருவானவர் சொல்ல முடியாது. அனுபவித்த நீங்களே சொல்ல முடியும். துணையை இழந்து தனித்திருப்போர், எவலின் அம்மையாரை நினைத்துக்கொள்ளட்டும். இருவராகத் தொடங்கிய பணியை ஒருவராக முடிப்பதும் இல்லறத்தின் ஒரு பகுதியே.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில், ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர், முதியோர் நாளாக ஏற்படுத்தினார். கன்னிமரியின் பெற்றோராகிய புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாளை ஒட்டி வருவது அது. அந்நாளில் முதியோருக்குச் சால்வை போர்த்தி இனிப்பு வழங்குவதோடு நில்லாமல், ஒவ்வொரு பங்கிலும் மூத்த தம்பதிகளைப் பீடத்தின் முன் அழைத்து, ஆளுக்கொரு பணியை ஒப்படைத்து அனுப்பினால் என்ன? சால்வை ஒரு நாளில் பெட்டிக்குள் போய்விடும். "உங்களால் எங்களுக்கு ஆகவேண்டிய காரியம் உண்டு" என்னும் சொல்லோ, அவர்களை நாளைக் காலையிலும் எழுந்து நடக்கச் செய்யும்.

இருவர் இருவராக அனுப்பிய ஆண்டவர், நம் பங்குகளின் மூத்த தம்பதிகள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!