சர்டிபிகேட் வந்தது, வேலை எப்போது வரும்?

நர்சு உதவியாளர் பயிற்சி முடிந்தது. சர்டிபிகேட்டும் கைக்கு வந்து விட்டது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இனி வேலை தேடி ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்க வேண்டும்.

எங்கே போனாலும் ஒரே கேள்விதான். "முன் அனுபவம் உண்டா?"

வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? இதை ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று அனுபவம் உள்ள ஒவ்வொருவரையும், என்றோ ஒரு நாள், யாரோ ஒருவர் அனுபவம் இல்லாமல்தான் சேர்த்துக் கொண்டார்.

பத்து இடங்களில் "இல்லை" என்று கேட்டு வந்த பெண், பதினோராவது இடத்தில் "நாளைக்கே வா" என்றதும் எல்லாவற்றுக்கும் தலையாட்டி விடுகிறாள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. வேலை கொடுப்பவர் கேள்வி கேட்கட்டும். வேலைக்குப் போகிறவளும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

அசல் யார் கையில்?

முதல் கேள்வி, சர்டிபிகேட் பற்றியது. சில இடங்களில் அசல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக் கொள்கிறார்கள். பிறகு வேறு நல்ல வேலை கிடைத்தாலும் போக முடியாது. அசலைக் காட்டலாம், நகலைத்தான் கொடுக்க வேண்டும்.

சொல்லிக் கொடுப்பவர் யார்?

நர்சு வேறு, நர்சு உதவியாளர் வேறு. நர்சு டிப்ளமோ படிப்பு 3 ஆண்டுகள். துணை நர்சு படிப்பு 2 ஆண்டுகள். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் இவற்றை முடித்தவர்கள், தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்கிறார்கள். உதவியாளர் சர்டிபிகேட்டுக்கு அந்தப் பதிவு கிடையாது.

நோயாளியைக் குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, காய்ச்சல் பார்த்துக் குறிப்பது, இவை உதவியாளரின் வேலை. எல்லாம் புண்ணியமான வேலை.

ஆனால் ஆள் இல்லை என்று ஊசி போடச் சொன்னால்? "எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. சிஸ்டரைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். அதில் வெட்கம் எதற்கு? மருந்தின் அளவு தவறினால் ஓர் உயிரே போய்விடும்! ஆகவே இரண்டாவது கேள்வி: "எனக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் நர்சு யார்? இரவிலும் அவர் இருப்பாரா?"

தடுப்பூசி உண்டா?

நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்தி விட்டால், ஹெபடைடிஸ்-பி என்னும் ஈரல் நோய் தொற்றக் கூடும். இதைத் தடுக்க ஊசி இருக்கிறது. முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்திலும், ஆறு மாதத்திலும் மறுபடி போட வேண்டும். ஆக மொத்தம் 3 ஊசிகள். மருத்துவக் கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு இந்தத் தடுப்பூசி போடுவது ஆஸ்பத்திரியின் கடமை என்று 2016-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மூன்றாவதாக இதைக் கேட்க வேண்டும்.

எழுத்தில் தருவீர்களா?

சம்பளம் எவ்வளவு? வேலை எத்தனை மணி நேரம்? மாதத்தில் எத்தனை இரவு? வார விடுமுறை எது? இவற்றை எழுத்தில் தரும்படி கேட்பது நான்காவது.

இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டென்றால், இன்சூரன்சு எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். 2019 ஜூலையில் வந்த கணக்குப்படி, சம்பளத்தில் பிடிப்பது நூற்றுக்கு 75 காசு. முதலாளி கட்டுவது நூற்றுக்கு 3 ரூபாய் 25 காசு.

பெற்றோர்களே! "எந்த வேலையானாலும் சேர்ந்து விடு" என்று மகளை அவசரப்படுத்தாதீர்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். கட்டடம் பெரிதா, சிறிதா என்று பார்க்க வேண்டாம். பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க அங்கே ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பெண் உங்கள் வாசலில் உதவி கேட்டு நிற்கவில்லை. உழைக்க வந்து நிற்கிறாள். நாளை நம் வீட்டுப் பெரியவர் படுக்கையில் விழுந்தால், அவரைத் தாங்கிப் பிடிக்கப் போகிறவளும் அவள்தான். அவள் கேட்கும் நான்கு கேள்விகளுக்கும் நேரான பதில் சொல்லுங்கள்!