கேட்கத் தெரிந்த காது

நமக்கு வாய் ஒன்று, செவி இரண்டு. பேசுவதைவிட இரு மடங்கு கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று பெரியோர் கூறுவதுண்டு. வள்ளுவப் பெருந்தகையும் 'கேள்வி' என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்து, செவிவழி வரும் செல்வத்தைப் போற்றினார். ஆயினும் இன்று நம்மில் எத்தனை பேர் உண்மையாகவே கேட்கிறோம்? பாட்டு ஒரு பக்கம் ஒலித்துக்கொண்டிருக்கும். நாம் வீட்டுப்பாடம் எழுதுவோம், பாத்திரம் துலக்குவோம், பேருந்தில் கண்ணயர்வோம். காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஓர் ஆங்கில ராக் இசைத்தட்டு என்றால் தோழியர் சிலர் வியப்பர். பெற்றோர் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். பொறுமையுடன் படித்துவிட்டுப் பின்னர் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகிறேன்.

'பிங்க் ஃபிளாயிட்' இங்கிலாந்தில் தோன்றிய இசைக்குழு. ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் ஆகிய நால்வரும் 1972-இலும் 1973-இன் தொடக்கத்திலும் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கிய இசைத்தட்டு 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்'. அதாவது 'நிலவின் இருண்ட பக்கம்'. 1973 மார்ச்சில் அது வெளிவந்தது. கறுப்பு அட்டையில் ஒரு முப்பட்டகம். அதனுள் நுழையும் வெள்ளொளி வண்ணங்களாகப் பிரிந்து வெளியேறும். இயற்பியல் வகுப்பில் நாம் வரையும் அதே படந்தான்! அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 700 வாரங்களுக்கும் மேலாக அது இடம்பெற்றது. அது காதற்பாட்டுகளின் தொகுப்பன்று. ஓடி மறையும் காலம், பணத்தாசை, மரணம், மனம் பேதலித்தல் ஆகியவையே அதன் பொருள்கள். ராக் இசை என்றாலே கூச்சல் என்று கருதுவோர் இதனைக் கேட்டால் தம் கருத்தைச் சிறிதேனும் மாற்றிக்கொள்வர் என நம்புகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் மாமா வீட்டில் இதனை இருமுறை கேட்டேன். முதலில் வழக்கமான ஸ்டீரியோ ஒலியில். அடுத்து, 2003-ஆம் ஆண்டில், தட்டு வெளிவந்த முப்பதாம் ஆண்டையொட்டி, ஜேம்ஸ் கத்ரி என்னும் ஒலிப்பொறியாளர் புதிதாகக் கலந்தமைத்த சூழொலியில். சூழொலி என்பது கேட்பவரைச் சுற்றி ஒலிபெருக்கிகளை வைத்துக் கேட்கும் முறை. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தாழ்ந்த ஒலிகளுக்கென்று தனியே ஒன்று. இதையே 5.1 என்று குறிப்பிடுவர். மாமா என்னை நடுவில் உட்கார வைத்தார். "கண்ணை மூடிக்கொள். எது எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கவனி" என்றார்.

முதலில் இதயத் துடிப்பு ஒன்று மெல்ல எழுந்தது. உண்மையில் அது நிக் மேசனின் பெரிய முரசிலிருந்து உண்டாக்கியது. பிறகு யாரோ மூச்சிரைக்க ஓடும் காலடி ஓசை அறையைச் சுற்றி வந்தது. அடுத்து ஒரே கணத்தில் நாற்புறமும் கடிகாரங்கள் அலறின! நான் துள்ளி எழாத குறைதான். ஆலன் பார்சன்ஸ் என்னும் இளம் ஒலிப்பொறியாளர் பழம்பொருள் கடிகாரக் கடை ஒன்றுக்குச் சென்று, ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியே பதிவு செய்து, பின்னர் எல்லாம் ஒன்றாக மணியடிக்கும்படி நாடாவில் இணைத்தாராம். ஸ்டீரியோவில் அவை எனக்கு ஒரே இரைச்சலாகக் கேட்டன. சூழொலியிலோ, கணீரென்ற மணி ஒரு புறம், கரகரத்த மணி மறுபுறம் என்று பிரித்தறிய முடிந்தது. பணத்தைப் பற்றிய பாட்டு, நாணயங்கள் கலகலக்கும் ஓசை, காகிதம் கிழிபடும் ஓசை, கல்லாப்பெட்டி திறக்கும் ஓசை ஆகியவற்றோடு தொடங்குகிறது. அவ்வோசைகளே அதற்குத் தாளம். நம் மிஸ்ர சாபு போலவே அதற்கும் எண்ணிக்கை ஏழு. சில்லறை கொட்டும் ஓசை அறையைச் சுற்றி வந்தபோதுதான் விரல்விட்டு எண்ணிப் பார்க்கத் தோன்றியது.

இது எவ்வாறு இயலுகிறது? அந்நாளில் அபே ரோட்டில் 16 தடங்கள் கொண்ட அகன்ற நாடாவில் பதிவு செய்தனர். ஒரு தடத்தில் முரசு, ஒன்றில் கிதார், இன்னொன்றில் பாடகர் குரல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கும். அவற்றுள் எதை உயர்த்துவது, எதைத் தாழ்த்துவது, எதை இடத்தே வைப்பது, எதை வலத்தே வைப்பது என்று முடிவு செய்வதே கலவை. வீட்டில் உள்ள அனைவரும் இரண்டே வாசல் வழியாக வெளியேற வேண்டுமானால் நெருக்கியடித்துக்கொண்டுதான் வரவேண்டும். ஸ்டீரியோ அத்தகையது. சூழொலியில் வாசல்கள் மிகுதி. ஒவ்வொருவரும் நிமிர்ந்து நடந்து வரலாம். மூல நாடாக்களைப் பாதுகாத்து வைத்திருந்தமையால்தான் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்வாறு மீண்டும் கலக்க முடிந்தது.

"பழைய படைப்பில் கைவைக்க இவர்கள் யார்?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. ஓவியர் தீட்டி முடித்த படத்தின் மேல் இன்னொருவர் வண்ணம் பூசினால் நாம் பொறுப்போமா? ஆனால் ஓர் உண்மையை இங்கு மறக்கலாகாது. பூசப்பட்ட ஓவியம் அழிந்துவிடும்; கலக்கப்பட்ட இசையோ அழிவதில்லை. பழைய ஸ்டீரியோத் தட்டு இன்றும் கிடைக்கிறது. விரும்பியோர் அதையே கேட்கலாம்.

மேலும், சூழொலி இக்குழுவுக்கு அயலானதன்று. 1967 மே மாதத்திலேயே லண்டன் குவீன் எலிசபெத் அரங்கில் ஒலிபெருக்கிகளை அவையோரைச் சுற்றி வைத்து இசையைச் சுழலவிட்டவர்கள் இவர்கள். இத்தட்டுக்கும் 1973-லேயே ஆலன் பார்சன்ஸ் நான்கு ஒலிபெருக்கிக் கலவை ஒன்றை அமைத்தார். ஒரு முறைக்கென்று செய்த தட்டு மற்றொரு முறையின் கருவியில் சரியாக ஒலிக்காத குழப்பத்தால் அந்த நான்கொலி முறை சந்தையில் நிலைக்காமல் போயிற்று. ஆகவே 2003-இல் கத்ரி செய்ததும், மீண்டும் 2023-இல் ஐம்பதாம் ஆண்டையொட்டி, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் முறையில் அவர் செய்ததும், பாதியில் நின்ற ஒரு முயற்சியின் தொடர்ச்சியே எனலாம்.

இன்னும் பின்னே சென்றால், கேட்பவரைச் சூழ்ந்து இசைப்பது நம் ஆலயங்களுக்கும் புதிதன்று. 16-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரின் புனித மாற்கு பேராலயத்தில் பிரிந்து நின்று பாடும் பாடகர் குழுக்களுக்கென்றே வில்லார்ட், கப்ரியேலி முதலியோர் இசை அமைத்தனர். 1837-இல் பாரிஸில் அரங்கேறிய தம் இறந்தோர் திருப்பலி இசைக்கு, பித்தளைக் குழல் இசைப்போரை நான்கு மூலைகளிலும் பிரித்து நிறுத்துமாறு பெர்லியோஸ் வகுத்தார். மின்சாரம் வருமுன்பே மனிதர் இதனை விரும்பியிருக்கின்றனர்.

குறைகளையும் கூறத்தான் வேண்டும். முரசும் தாழ்நரம்பும் ஒன்றாக மோதும்போது நெஞ்சில் ஓர் அடி விழுமே, ஸ்டீரியோவில் அது வலுவாக இருந்தது. ஒலிகளைப் பிரித்து வைத்தபோது அவ்வடி சற்றே தளர்ந்ததுபோல் எனக்குத் தோன்றியது. ஒலி சுற்றிச் சுற்றி வரும் வேடிக்கையில் மனம் மயங்கிப் பாட்டின் பொருளை மறந்துவிடும் ஆபத்தும் உண்டு. கருவிகளின் விலையோ பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாதது. ஆகவே, சூழொலியே உயர்ந்தது, பழையது தாழ்ந்தது என்று நான் வாதிடவில்லை. முதலில் பழைய கலவையை முழுதும் கேட்க வேண்டும். அது படைத்தவர்களின் முதற்சொல். அதன்பின் சூழொலியைக் கேட்டால் அது விளக்கவுரை போல் உதவும். மூலத்தைப் படியாமல் உரையை மட்டும் படிப்பது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை இதை மட்டும் கேட்பதும்.

அவ்வாறாயின் அவ்விளக்கவுரையால் நான் பெற்றது என்ன? இருவரின் குரல்களைப் பெற்றேன்.

ஒருவர் அபே ரோட்டின் வாயிற்காவலர், ஜெரி ஓ'டிரிஸ்கால். சில கேள்விகளை அட்டைகளில் எழுதி, அங்கிருந்தோரிடம் காட்டி, அவர்கள் கூறிய விடைகளை வாட்டர்ஸ் பதிவு செய்தார். பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னியும் அவ்வாறு விடை கூறினார். ஆனால் உலகப் புகழ்பெற்ற அவருடைய பேச்சு தட்டில் சேர்க்கப்படவில்லை. கதவருகில் நின்ற காவலரின் பேச்சே தட்டின் இறுதியில், இதயத் துடிப்போடு, இடம்பெற்றது. அலங்காரமின்றிப் பேசியதாலேயே அவர் நிலைத்துவிட்டார். ஸ்டீரியோவில் நான் அதனைக் கவனிக்கவே இல்லை. சூழொலியில் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது.

மற்றவர் ஒரு பெண்மணி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிறன்று, கிளேர் டோரி என்னும் இருபத்தைந்து வயதுப் பாடகியைக் கூடத்துக்கு அழைத்தனர். ரைட் இயற்றிய பியானோ இசைக்கு அவர் பாட வேண்டும். ஆனால் பாடுதற்குச் சொற்களில்லை, மெட்டும் எழுதப்படவில்லை. தம் குரலையே ஓர் இசைக்கருவியாகப் பாவித்து, துயரும் அச்சமும் அமைதியும் மாறி மாறி வர அவர் பாடினார். பாடி முடித்து, வரம்பு மீறிவிட்டோமோ என்ற கூச்சத்துடன் மன்னிப்பும் கேட்டாராம்! ஞாயிற்றுக்கிழமை ஆதலால் இரட்டிப்பு ஊதியமாக 30 பவுண்டு பெற்றுக்கொண்டு வீடு திரும்பினார். தம் குரல் தட்டில் இடம்பெற்றதையே பின்னர் கடையில் தட்டைப் பார்த்துத்தான் அறிந்தார்.

பாடியவர் என்று அட்டையில் அவர் பெயர் இருந்தது உண்மையே. ஆனால் இயற்றியவர் என்ற இடத்தில் ரைட்டின் பெயர் மட்டும் இருந்தது. அம்மெட்டை அக்கணத்தில் படைத்தவர் அவரன்றோ? 2004-இல் அவர் நீதிமன்றத்தை நாடினார். 2005-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதுமுதல் அப்பாட்டை இயற்றியோர் ரைட், டோரி என்று இருவர் பெயரும் அச்சாகிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! கோடிக்கணக்கானோர் அவர் குரலைக் கேட்டு உருகினர். அது எவருடைய படைப்பு என்று கேட்டவர் எத்தனை பேர்?

மாமா வீட்டில் அப்பாட்டு ஒலித்தபோது பியானோ தனியே நின்றது. அக்குரல் தனியே நின்றது. அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஒரு பெண் ஓர் அறையில் நின்றுகொண்டு, இல்லாத ஒன்றை இக்கணத்தில் உண்டாக்குகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தட்டு முடிந்ததும் மாமாவிடம் நான் கேட்ட முதற்கேள்வி, "இந்த அம்மா யார்?" என்பதே. அந்த ஒரு கேள்வியை என்னிடம் எழுப்பியதற்காகவே புதிய கலவை செய்தது தகும் என்பேன்.

ஆனால் ஒன்று. ஒரு குரலுக்கு இடம் ஒதுக்கித் தருவதோடு கருவியின் வேலை முடிந்துவிடுகிறது. அக்குரலுக்கு உரிய பெயரைத் தருவது மனிதர் செய்ய வேண்டிய வேலை. அதனை 2003-ஆம் ஆண்டின் புதிய கலவை செய்யவில்லை. அப்பெண்மணியே துணிந்து கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. பெண்கள் பயிலும் பள்ளியில் இதனை எழுதுவது அதனாலேதான். கூட்டாகச் செய்யும் பணியில் நம் பங்கு இன்னது என்று கூற நாம் கூச வேண்டியதில்லை. பிறர் பங்கை எடுத்துக் கூறவும் மறக்கலாகாது.

நம் பாடகர் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குரல் பாடுவோரை எல்லாரும் பாராட்டுவர். இரண்டாம் குரல் பாடுபவள் நின்றுவிட்டால் பாட்டு வெறிச்சோடிவிடும். ஆனால் அவள் பாடுவதை யார் தனித்துக் கேட்கிறோம்? ஆண்டு விழா நாடகத்தில் திரையிழுத்தவள் யார்? விளக்கைக் கவனித்தவள் யார்?

ஆகவே தோழியரே, உங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஐந்து ஒலிபெருக்கிகள் தேவையில்லை. உங்களுக்குப் பிடித்த எவ்விசையாயினும் சரி, ஒருநாள் வேறு வேலை எதுவும் செய்யாமல் கண்ணை மூடி அமர்ந்து கேளுங்கள். இத்தட்டுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 43 நிமிடம், ஒரு பாடவேளைதான். முதன்முறை பாட்டைக் கேளுங்கள். மறுமுறை பின்னால் நிற்பவர்களைக் கேளுங்கள். கேட்டபின் அவர்கள் பெயரைத் தேடிப் படியுங்கள். அவ்வாறு பழகிய காது, வீட்டிலும் வகுப்பிலும் மெல்லப் பேசுகிறவர்களின் குரலைத் தவறவிடாது.